அம்மாவின் இடுப்பு மூட்டு அறுவை: காயத்துக்குள் ஊற்றும் மருந்தால் ஸ்டென்ட் அடைக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது, எடை 55 கிலோ. வலது இடுப்பு மூட்டு முழுக்கத் தேய்ந்துவிட்டதால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வருடங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தோம். ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்த ஒரே மாத்திரையைத் தினமும் போடுகிறார். இடுப்பு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்வார். ஹீமோகுளோபின் 9.8. கிரியேட்டினின் நார்மல் என்றார்கள். அறுவை செய்யப்போகும் டாக்டர், “ரத்தம் அதிகம் போகாமல் இருக்க மூட்டுக்குள்ளேயே ஒரு மருந்து ஊற்றிவிடுவோம், பயப்படாதீர்கள்” என்றார். வீட்டுக்கு வந்த பிறகுதான் பயமே வந்தது. ரத்தத்தை உறைய வைக்கும் மருந்து என்றால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளாதா? ஊற்றுவது, ட்ரிப்ஸில் ஏற்றுவதைப் போல வேலை செய்யுமா? ஆபரேஷன் முடிந்ததும் ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடுவார்களாம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இல்லையா? இரண்டு பாட்டில் ரத்தம் இப்போதே ஏற்பாடு செய்யச் சொல்லி உறவினர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் டாக்டர் சொன்னது அநேகமாக டிரானெக்சாமிக் ஆசிட்தான். மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகிறவர்களுக்கு மகளிர் மருத்துவர்கள் எழுதித் தரும் 500 மில்லிகிராம் மாத்திரையும் இதே மருந்துதான். உங்கள் வீட்டிலேயே யாராவது சாப்பிட்டிருக்கக்கூடும். ஆபரேஷனுக்கு அது ஆம்பியூல் என்ற சின்னக் குப்பியில் தண்ணீர் மாதிரி நிறமில்லாத திரவமாக வரும்.

முதல் பயத்துக்கு வருகிறேன். இது ரத்தத்தை உறைய வைக்கும் மருந்து இல்லை. ஏற்கெனவே உறைந்த ரத்தம் சீக்கிரம் கரைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் மருந்து. காயம் பட்டதும் அந்த இடத்தில் ஃபைப்ரின் என்ற நார் பின்னி, ரத்தம் கட்டியாகி, அறுபட்ட குழாயின் வாயை அடைக்கிறது. கூடவே அந்தக் கட்டியைக் கரைக்கும் வேலையையும் உடம்பு தொடங்கிவிடும். அதைச் செய்வது பிளாஸ்மின் என்ற நொதி. பெரிய அறுவைக்குப் பிறகு முதல் சில மணி நேரம் இந்தக் கரைக்கும் வேலை அளவுக்கு மீறி நடக்கிறது. கான்கிரீட் இறுகுவதற்கு முன்பே சென்ட்ரிங்கைப் பிரித்துவிடுவது போல, அடைபட்ட வாய்கள் மறுபடி கசியத் தொடங்குகின்றன. பிளாஸ்மின் உருவாவதற்கு முந்தைய பொருள் ஃபைப்ரினில் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களை இந்த மருந்து மறித்துக்கொள்கிறது. அதனால் கரைப்பது தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். கட்டியே இல்லாத இடத்தில் புதிதாக ஒரு கட்டியை இது உண்டாக்குவதில்லை.

அப்படியானால் ஸ்டென்ட் பற்றிய உங்கள் கவலை வீணா? இல்லை. அறுவைக்குப் பிறகு ஸ்டென்டுக்குள் தற்செயலாக ஒரு கட்டி உருவானால், அதைக் கரைக்க உடம்புக்கு இருக்கும் வழியையும் இந்த மருந்து கொஞ்ச நேரம் மறித்துவிடுமே என்ற யோசனை இதய மருத்துவர்களுக்கும் உண்டு. உங்கள் டாக்டர் மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றாமல் மூட்டுக்குள் ஊற்றுவதாகச் சொன்னதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். மருந்து தேவைப்படும் இடத்தில் அடர்த்தியாக இருக்கும். ரத்தத்தில் கலப்பது, அதே அளவை ட்ரிப்ஸில் ஏற்றும்போது இருப்பதைவிட மிகக் குறைவு.

இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகே ஒகமோட்டோவும். போருக்குப் பிந்தைய ஜப்பானில் வசதியில்லாத ஆய்வுக்கூடத்தில், குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வேலை பார்த்தவர் அந்த அம்மையார். பிரசவத்தில் ரத்தம் போய் இறக்கும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. 1962இல் டிரானெக்சாமிக் ஆசிட் பற்றிய கட்டுரை வெளியானது. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி இன்று நாம் செய்யும் இடுப்பு மூட்டு மாற்றுக்கு அடித்தளமான அறுவையைச் செய்யத் தொடங்கியதும் அதே 1962இல்தான். ஆனால் இந்த மருந்து மூட்டு அறுவை அரங்குகளில் வழக்கமாகப் புழங்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. 2010இல் க்ராஷ்-2 ஆய்வு, 40 நாடுகளில் விபத்தில் அடிபட்ட 20,000க்கும் மேற்பட்டவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்து, உயிரிழப்பு குறைவதைக் காட்டிய பிறகுதான் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது.

இடுப்பு மூட்டில் ஏன் இவ்வளவு ரத்தம் போகிறது என்று தெரிந்தால் இந்த மருந்தின் அருமை புரியும். முழங்கால் அறுவையில் தொடையில் ஒரு பட்டையை இறுக்கிக் கட்டி, ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் செய்ய முடியும். இடுப்பில் அப்படிக் கட்ட இடமே இல்லை. சின்ன ரத்தக்குழாய் என்றால் மின்சூட்டில் பொசுக்கி நிறுத்தலாம். இங்கே ரத்தம் வருவது பெரும்பாலும் எலும்பிலிருந்து. செயற்கை மூட்டின் கிண்ணத்தைப் பொருத்த இடுப்பெலும்புக் குழியைச் சுரண்டும்போதும், அதன் தண்டைச் செருகத் தொடை எலும்பின் உட்குழாயை அகலப்படுத்தும்போதும், பஞ்சு மாதிரியான எலும்பின் எல்லாத் துளைகளிலிருந்தும் ரத்தம் ஊறி வரும். பொசுக்குவதற்கு ஒரு புள்ளி கிடைக்காது. அழுத்திப் பிடித்துக்கொண்டு வேகமாக வேலையை முடிப்பதுதான் பழைய வழி. தையல் போட்ட பிறகும் கசிவு நிற்பதில்லை. தொடைச் சதைக்குள் பரவிக்கொண்டே இருக்கும். தரையிலும் பாட்டிலிலும் கண்ணுக்குத் தெரியும் ரத்தத்தைத்தான் நாங்கள் கணக்கிடுகிறோம். இப்படி உள்ளே ஒளிந்து போவதும் அதற்குச் சமமாக இருக்கலாம்.

55 கிலோ எடையுள்ள உங்கள் அம்மாவின் உடம்பில் மொத்தம் சுமார் மூன்றரை லிட்டர் ரத்தம் இருக்கும். இந்த அறுவையில் மருந்து எதுவும் இல்லாமல், வெளியே தெரிவதும் உள்ளே கசிவதும் சேர்ந்து ஒரு லிட்டருக்கு மேல் போவது அதிசயமில்லை. அதாவது கால் பங்குக்கு மேல். இதே ஒரு லிட்டர், 85 கிலோ எடையுள்ள ஆணுக்கு அவ்வளவு பெரிய இழப்பாக இருக்காது. ஒல்லியான, வயதான பெண்களுக்குத்தான் ஆபரேஷனுக்குப் பிறகு அதிகம் ரத்தம் ஏற்ற வேண்டிவருகிறது.

மருந்தை எப்படி ஊற்றுகிறோம் என்று கேட்டால், ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு முறை இருக்கும். பொதுவாக 1 முதல் 3 கிராம் வரை மருந்தை 50 முதல் 100 மில்லி சலைனில் கலந்து வைத்துக்கொள்வோம். நான் செய்யும் முறை இது: குழியைச் சுரண்டி முடித்ததும் அந்தக் கரைசலில் நனைத்த காஸ் துணியை உள்ளே வைத்து அழுத்தி, மூன்று நிமிடம் காத்திருப்பேன். துணியை எடுக்கும்போது எலும்பின் பரப்பு முன்பைவிட வறண்டிருப்பது கண்ணுக்கே தெரியும். தொடை எலும்பின் குழாய்க்குள்ளும் அதே மாதிரி ஒரு துணி. கிண்ணமும் தண்டும் பொருத்தி, காயத்தைக் கடைசியாகக் கழுவிய பின், மிச்சக் கரைசலைக் குளம் போல நிரப்பிவிட்டு ஐந்து நிமிடம் யாரும் உறிஞ்சும் குழாயை (சக்ஷன்) வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுவேன். சிலர் சதை உறையைத் தைத்து மூடிவிட்டு ஊசி வழியாக உள்ளே செலுத்துவார்கள். கசியும் ரத்தத்தை வெளியே எடுக்க டிரெயின் குழாய் வைப்பவர்கள் அதன் வழியாகவே மருந்தை விட்டுக் கொஞ்ச நேரம் அதை மூடி வைப்பார்கள். ஆம்பியூல் மேல் ரத்தக்குழாயில் போட வேண்டிய மருந்து என்றுதான் அச்சிட்டிருக்கும். காயத்துக்குள் ஊற்றுவது அதற்கு வெளியே உள்ள பயன்பாடு என்றாலும், நிறைய ஆய்வுகளின் துணையோடு நடப்பதால் அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இது எலும்பு மருத்துவ மாணவர்களுக்கு: அதிக அடர்த்தியில் இந்த மருந்து குருத்தெலும்புச் செல்களைப் பாதிப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் சொல்கின்றன. முழு மூட்டு மாற்றில் இரண்டு பக்கக் குருத்தெலும்பும் போய்விடுவதால் கவலை இல்லை. எலும்பு முறிந்த முதியவர்களுக்குத் தொடை எலும்பின் பந்து போன்ற தலையை மட்டும் மாற்றும் அறுவையில் குழியின் குருத்தெலும்பு அப்படியே இருக்கும். அங்கே அடர்த்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊற்றுவது, ஏற்றுவதைப் போல வேலை செய்யுமா? செய்யும். அமெரிக்க மூட்டு அறுவை, மயக்க மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ரத்தக்குழாய் வழி, காயத்தின் வழி, மாத்திரை என மூன்றுமே ரத்த இழப்பையும் ரத்தம் ஏற்றும் தேவையையும் குறைக்கின்றன, ஒன்று மற்றதைவிடத் தெளிவாக மேல் என்று சொல்ல முடியாது என்றுதான் இருக்கிறது. மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2020இல் இன்னும் ஒரு படி போய், சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு இரண்டு வழியையும் சேர்த்தே பரிந்துரைத்தது: ரத்தக்குழாயிலும் கொடுத்து, மூடுவதற்கு முன் 1 முதல் 2 கிராம் காயத்துக்குள்ளும் விட வேண்டும், மொத்தம் 3 கிராமைத் தாண்டக் கூடாது. இந்த மருந்து பெரும்பாலும் அப்படியே சிறுநீரில் வெளியேறுவதால்தான் சிறுநீரகம் முக்கியம். கிரியேட்டினின் நார்மல் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. வலிப்பு வந்த சரித்திரம் இருந்தால் மட்டும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒருவேளை உங்கள் மயக்க மருத்துவரும் இதய மருத்துவரும் பேசிவிட்டு, “ரத்தக்குழாய் வழியாகவே ஒரு கிராம் கொடுத்துவிடலாம்” என்று முடிவெடுத்தால், அதற்கும் நீங்கள் மறுப்பு சொல்ல வேண்டியதில்லை. 2022இல் வெளியான பாய்ஸ்-3 ஆய்வு, இதயம் அல்லாத பிற அறுவைகளுக்கு வந்த, ரத்தப்போக்குக்கும் இதயச் சிக்கலுக்கும் வாய்ப்புள்ள 9,535 பேரிடம் நடந்தது. பெரிய ரத்தப்போக்கு, மருந்து கொடுத்தவர்களில் 9.1 சதவீதம் பேருக்கும் கொடுக்காதவர்களில் 11.7 சதவீதம் பேருக்கும் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், கால் ரத்தக்குழாய் அடைப்பு போன்றவை 14.2, 13.9 என்று கிட்டத்தட்ட சமமாகவே இருந்தன. ஆனாலும் ‘கொஞ்சம்கூட ஆபத்து கூடவில்லை’ என்று சத்தியம் செய்யும் அளவுக்குப் புள்ளியியல் இடம் தரவில்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். ஸ்டென்ட் உள்ளவர்களுக்கு நான் காயத்தின் வழியையே விரும்புவதற்கு அந்தச் சின்ன இடைவெளிதான் காரணம்.

அடுத்து உறையாமல் இருக்கப் போடும் ஊசி. அருமையான கேள்வி, வார்டில் பலருக்கும் வரும் சந்தேகம். இரண்டும் வேலை செய்யும் நேரம் வேறு. காயத்தில் கட்டி வேகமாகக் கரைவது அறுவை நாளன்றுதான். டிரானெக்சாமிக் ஆசிட்டின் வேலையும் அன்றைக்கே முடிந்துவிடும். அதன் பிறகு நிலைமை தலைகீழாகி, படுத்தே இருப்பதால் கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் கட்டும் ஆபத்து வாரக்கணக்கில் நீடிக்கும். ஊசியோ மாத்திரையோ தொடங்குவது அதைத் தடுக்க. ஒன்று முடிந்த இடத்தில் மற்றது ஆரம்பிக்கிறது. அதனால் “ரத்தம் நிற்க மருந்து கொடுத்தார்களே, இது எதற்கு?” என்று அந்த ஊசியைத் தவிர்த்துவிடாதீர்கள். மறுநாளே எழுந்து வாக்கரில் நடக்கச் சொல்வார்கள், வலித்தாலும் நடக்கட்டும்.

சரி, இப்போது நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது 9.8 என்ற எண்தான். பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. மூட்டு மாற்றுக்கு வருகிறவர்களுக்கு 13 இருந்தால் நல்லது என்று இப்போது சொல்கிறோம். இந்த அறுவையில் ஹீமோகுளோபின் சுமாராக 2 முதல் 3 வரை இறங்கும். 9.8இல் இருந்து இறங்கினால் ரத்தம் ஏற்றும் எல்லைக்கே வந்துவிடுவார். 12இல் இருந்து இறங்கினால் ஏற்றவே வேண்டியிருக்காது. ஊற்றும் மருந்து இறக்கத்தை ஓரளவு குறைக்கும். எங்கிருந்து இறங்குகிறோம் என்பதை அதனால் மாற்ற முடியாது. அதை மாற்ற உங்களால் முடியும், அதற்கு நேரமும் இருக்கிறது. இது அவசர ஆபரேஷன் இல்லை.

ஏன் 9.8 என்று யாராவது பார்த்தார்களா? ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அதற்கு மேல் மெடிக்கலில் வாங்கிய டைக்ளோஃபெனாக். இந்த மூன்றும் சேர்ந்தால் இரைப்பையில் புண் வந்து, சொட்டுச் சொட்டாக மாதக்கணக்கில் ரத்தம் கசியலாம். வாந்தியில் ரத்தம் வர வேண்டும் என்றில்லை. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதா என்று அம்மாவிடம் தனியாக, பொறுமையாகக் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்துங்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு அது எப்படியும் ஆகாது. அறுவை வரை வலிக்குப் பாராசிட்டமால் போதுமா, வேறு ஏதாவது வேண்டுமா என்று உங்கள் டாக்டர் சொல்வார்.

உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்துவிடுங்கள். 30க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்துக் குறைபாடு உறுதி. உடம்பில் அழற்சி இருப்பவர்களுக்கு அந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், 100க்குக் கீழே இருந்தாலும் சந்தேகப்படுவோம். மாத்திரையில் ஏற்றிக்கொள்ள ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். காபி, டீயோடு சேர்த்துப் போட்டால் பாதி வீண். அவ்வளவு நாள் பொறுக்க முடியாது என்றால் ஃபெர்ரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற இரும்புச்சத்து மருந்தை ட்ரிப்ஸில் ஏற்றிக்கொள்ளலாம். ஒரே தடவையில் 1 கிராம் வரை கொடுக்க முடியும். மூன்று, நான்கு வாரத்தில் பலன் தெரியும். பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் நல்லவைதான், கொடுங்கள். ஆனால் 9.8ஐ ஒரு மாதத்தில் 12 ஆக்க அவை மட்டும் போதாது.

அப்புறம் அந்த ஒரே மாத்திரை. அறுவைக்கு முன் குளோபிடோக்ரலை நிறுத்த வேண்டும், வழக்கமாக ஐந்து நாள் முன்னால். முதுகில் ஊசி போட்டு மரக்கவைப்பதாக இருந்தால் மயக்க மருத்துவர் இன்னும் ஓரிரு நாள் கூட்டிச் சொல்லலாம். ஆனால் ஸ்டென்ட் உள்ளவர்களுக்கு ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்துவதில்லை. இரண்டும் ஒரே மாத்திரையில் இருந்தால் என்ன ஆகும்? “ரத்த மாத்திரையை நிறுத்துங்கள்” என்று யாரோ சொல்ல, வீட்டில் முழு மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். ஸ்டென்ட் அடைவதற்கு ஊற்றும் மருந்தைவிட இதுதான் பெரிய வாய்ப்பு. அதனால் இதய மருத்துவரிடம் போய், எந்தத் தேதியிலிருந்து எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், ஆபரேஷனுக்குப் பிறகு எப்போது பழைய மாத்திரை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தனி ஆஸ்பிரின் 75 தனியாகக் கிடைக்கும். பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய், பெயர் தெரியாத வலி சூரணம் எதையாவது அம்மா சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் தியேட்டர் செவிலியர்களிடமும் ஒரு வேண்டுகோள். முதுகுத்தண்டில் போடும் மரப்பு மருந்தின் ஆம்பியூலும் டிரானெக்சாமிக் ஆசிட் ஆம்பியூலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கலாம். மாற்றிப் போட்டு உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. உலக சுகாதார நிறுவனமும் எச்சரித்திருக்கிறது. இதை மயக்க மருந்து டிரேயில் வைக்கவே வேண்டாம். தனி அலமாரியில் இருக்கட்டும், ஊற்றும் கரைசல் கிண்ணத்தின் மேல் பெயர் எழுதியிருக்கட்டும்.

உறவினர்கள் சொல்லும் இரண்டு பாட்டில் பற்றி. ரத்தம் தயாராக இருப்பது நல்லது. ரத்த வகை பார்த்து, பொருந்துகிறதா என்று சோதித்து ரத்த வங்கியில் ஒதுக்கி வைக்கச் சொல்லலாம். ஆனால் ‘ஏற்பாடு செய்தாகிவிட்டது, ஏற்றிவிடுங்கள்’ என்று வற்புறுத்தாதீர்கள். ஒரு யூனிட் ஏற்றினால் ஹீமோகுளோபின் சுமார் 1 ஏறும். அதற்குப் பதிலாக இதயத்துக்குச் சுமை, காய்ச்சல், ஒவ்வாமை என்ற வாய்ப்புகளும் வரும். 2011இல் வெளியான ஃபோகஸ் ஆய்வில், இடுப்பெலும்பு முறிவு அறுவை முடிந்த, இதய நோய் உள்ள அல்லது வர வாய்ப்புள்ள 2,016 பேரைப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 10க்குக் கீழே போனாலே ரத்தம் ஏற்றியவர்களும், 8க்குக் கீழே போனாலோ தொந்தரவு தெரிந்தாலோ மட்டும் ஏற்றியவர்களும் ஒரே மாதிரிதான் பிழைத்தார்கள், ஒரே மாதிரிதான் நடந்தார்கள். அம்மாவுக்கும் 8தான் கணக்கு. நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், எழுந்தால் மயக்கம் என்று வந்தால் அந்த எண்ணுக்குக் காத்திருக்க மாட்டார்கள்.

அறுவை முடிந்து இரண்டு, மூன்று நாளில் தொடை வீங்கி, முழங்கால் வரை நீலமும் கறுப்புமாக நிறம் மாறலாம். பார்க்கப் பயமாக இருக்கும். நான் மேலே சொன்ன ஒளிந்துபோன ரத்தம்தான் அது, இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சளாகி மறையும். காயத்துக் கட்டு நனைந்துகொண்டே இருந்தாலோ, கெண்டைக்கால் இறுகி வலித்தாலோ உடனே கூப்பிடுங்கள்.

இந்த வாரமே ஃபெரிட்டின் பார்த்துவிட்டு, இதய மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். இரண்டு சீட்டும் கையில் வந்த பிறகு உங்கள் அறுவை மருத்துவரோடு உட்கார்ந்து தேதி குறித்தால் போதும். ஹீமோகுளோபினை ஏற்ற ஒரு மாதம் தள்ளிவைக்க வேண்டும் என்று அவர் சொன்னால், தள்ளிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் எலும்பு மூட்டு அறுவை மருத்துவர்